எடைக்குப் போகும் வாத்தியார் படிப்பு!

வடசென்னையில் ஒரு பழைய பேப்பர் கடை. தண்ணீர்க் குழாய் திருட்டு பற்றி விசாரிக்கப் போயிருந்தேன். தராசில் ஒரு புத்தகக் கட்டு கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். தொலைதூரக் கல்வி பி.எட். பாடப் புத்தகங்கள். கட்டின கயிறுகூட அவிழவில்லை!

"பரீட்சை முடிஞ்சா இப்படித்தான் சார் வரும்" என்றார் கடைக்காரர், சர்வ சாதாரணமாக.

அப்படியானால் எதைப் படித்துப் பரீட்சை எழுதினார்கள்?

நாலு கடை தள்ளி பதில் கிடைத்தது. ஜெராக்ஸ் கடை! போன வருஷத்து அசைன்மெண்ட் விடைகள் அங்கே ரெடி. காசு கொடுத்து வாங்கி, அப்படியே காப்பி அடித்து அனுப்ப வேண்டியதுதான்.

புத்தகமே வாத்தியார்

வேலையில் இருக்கும் ஆசிரியர்களுக்காக வந்த படிப்பு இது. 1966-லேயே என்.சி.இ.ஆர்.டி.யின் மண்டலக் கல்லூரிகள் கோடை வகுப்பும் தபால் பாடமுமாக பி.எட். நடத்தின. இன்றைக்கு திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள் நடத்துகின்றன.

இந்தப் புத்தகம் சாதாரணப் புத்தகம் அல்ல. எதிரே வாத்தியார் இல்லாததால் புத்தகமே வாத்தியார். பாடத்தைச் சின்னச் சின்ன அலகாகப் பிரித்திருப்பார்கள். நடுநடுவே கேள்வி. பதில் எழுத வெற்றுக் கோடு. பின்னால் விடை. எழுதிப் பார்த்துத் தானே திருத்திக்கொள்ளலாம்.

அந்தக் கோட்டில் பேனா படவில்லை என்றால் பாடமே நடக்கவில்லை என்று அர்த்தம்!

யார் மேல் தப்பு?

பழியை முழுக்கப் படிப்பவர் தலையில் போடுவதும் நியாயமில்லை.

எனக்குத் தெரிந்த டீச்சரம்மா ஒருவர் பகலில் பள்ளிக்கூடம், ராத்திரி வீட்டு வேலை என்று ஓடுகிறவர். மின்சார ரயிலில்தான் படிப்பு. "முழிச்சிருந்து நானே எழுதி அனுப்பினேன் தம்பி. மார்க்கு மட்டும் வந்துச்சு. எங்கே தப்புன்னு ஒரு வரிகூட எழுதலையே!" என்றார்.

யாரும் படிக்காத விடையை யார்தான் சொந்தமாக எழுதுவார்கள்?

இதற்கு வழி இருக்கிறது. கேள்வியை வருஷா வருஷம் மாற்றட்டும். "உங்கள் வகுப்பில் வாசிக்கத் திணறும் ஒரு பிள்ளைக்கு என்ன செய்தீர்கள்?" என்று கேட்கட்டும். அதற்கு ஜெராக்ஸ் கடையில் விடை கிடைக்காது. திருத்துகிறவர் ரெண்டு வரி எழுதித் திருப்பி அனுப்பட்டும்.

காப்பி அடித்து வாத்தியாரானவர், காப்பி அடிக்கிற பையனை எந்த முகத்தோடு கண்டிப்பார்?

அந்த வகுப்பில் உட்காரப் போவது நம்ம வீட்டுப் பிள்ளை. சம்பந்தப்பட்டவர்கள் கவனிப்பார்களா?