எப்பொழுது வந்து சேருவார்?

சென்ற குளிர்காலத்தில் ஓர் இரவு, காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பம் ஒன்றின் முதிய அன்னையார் இறைவனடி சேர்ந்தார். அவருடைய ஒரே மகன் இலண்டனில் பணிபுரிகின்றார். “நாளைப் பகல் 1 மணிக்கு விமானம் ஏறுகிறேன். மறுநாள் விடியற்காலை 4.30க்குச் சென்னையில் இறங்கிவிடுவேன். அதுவரை அம்மாவை வைத்திருங்கள்” என்று அவர் தொலைபேசியில் அழுதார். அடக்கத் திருப்பலிக்கு நேரம் குறிக்கப் பங்குத்தந்தையார் காத்திருந்தார்.

உறவினருள் ஒருவர், “4.30 என்பது இலண்டன் நேரம்; நமக்குக் காலை 10 மணி. ஆகவே அடக்கம் மாலையில்தான்” என்றார். இன்னொருவருக்கு வேறோர் ஐயம்: “பகல் ஒன்று முதல் மறுநாள் நாலரை வரை பதினைந்தரை மணி நேரமா? போன தடவை இங்கிருந்து காலை 5.30க்குப் புறப்பட்டவர், 11 மணிக்கே அங்கே சேர்ந்துவிட்டாரே!”

அன்பர்களே, பயணச்சீட்டில் காணும் நேரம் ஒவ்வொன்றும் அந்தந்த ஊர்க் கடிகாரம் காட்டும் நேரமே. புறப்படும் நேரம் புறப்படும் ஊருக்குரியது. சேரும் நேரம் சேரும் ஊருக்குரியது. பூமி ஒரு மணிக்கு 15 பாகை சுழல்கின்றது. நம் நாட்டு நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையைக் கொண்டு கணிக்கப்படுகின்றது. இலண்டனிலுள்ள கிரீனிச்சோ 0 பாகை. 82.5ஐ 15ஆல் வகுத்தால் ஐந்தரை. அவ்வளவு மணி நேரம் நாம் முந்தியிருக்கின்றோம். (மார்ச் இறுதி முதல் அக்டோபர் இறுதி வரை அங்குக் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவைப்பதால், அப்போது வேறுபாடு நாலரைதான்.)

வரும்போது பதினைந்தரையில் ஐந்தரையைக் கழியுங்கள்: 10 மணி நேரப் பயணம். போகும்போது ஐந்தரையுடன் ஐந்தரையைக் கூட்டுங்கள்: 11 மணி. எஞ்சிய அந்த ஒரு மணி வேறுபாடு காற்றின் வேலை. பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பெருங்காற்று வீசுகின்றது. குளிர்காலத்தில் அதன் வேகம் மிகுதி. வருகின்ற விமானத்தை அது தள்ளிவிடுகின்றது, போகின்றதைத் தடுக்கின்றது.

தொலைவு ஏறத்தாழ 8,200 கிலோமீட்டர். வீட்டிலே பூகோள உருண்டை இருந்தால், சென்னையிலிருந்து இலண்டனுக்கு ஒரு பட்டிழையை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். அது பாகிஸ்தான், காஸ்பியன் கடல், உக்ரைன், ஜெர்மனி ஆகியவற்றின் மீது செல்லும். அதுவே மிகக் குறுகிய வழி. ஆனால் நாடுகளின் பகைமை அந்த இழையை வளைத்துவிடும். 2022 பிப்ரவரியில் போர் மூண்டபோது உக்ரைனின் வான்வழி மூடப்பட்டது. விமானங்கள் சுற்றிச்செல்ல நேர்ந்தது.

இனிக் காஞ்சி வீட்டுக்குத் திரும்புவோம். 4.30 நம் நேரமே என்பது தெளிவாயிற்று. விமான நிலையத்துச் சோதனைகளுக்கு ஒன்றரை மணி, பிறகு ஏறத்தாழ 60 கிலோமீட்டர் சாலைப் பயணம். (காஞ்சிக்கு அண்மையில் பரந்தூரில் புதிய விமான நிலையத்துக்கு 2022இல் இடம் குறித்தார்கள், ஏகனாபுரத்து மக்கள் நிலத்தை விட மனமின்றிப் போராடியது தனிக்கதை.) எட்டு மணிக்குள் வந்துவிடுவார் என்று கணக்கிட்டு, 10 மணிக்குத் திருப்பலி எனப் பங்குத்தந்தையார் குறித்தார்.

மகன் 7.15க்கே வாசலில் வந்து இறங்கினார். கையில் பெட்டி ஏதுமில்லை.