வாளும் பாத்திரமும்

வீட்டை விட்டு ஓடிப்போகிற ஒரு பையன். வழியில் எதிர்ப்படும் ஊர்சுற்றிக் கிழவர். கிழவரிடம் கோலும் தாடியும் எல்லாக் கேள்விக்கும் விடையும் தயார். இரண்டு காடு, ஒரு அரக்கன், ஒரு மந்திர வாள். முடிவில் பையன் ராஜகுமாரன் என்று தெரிந்துவிடும். சினிமாவும் சிறுவர் நாவலும் இந்த வாய்ப்பாட்டை அலுக்காமல் ஒப்பித்து வருகின்றன. அது வியாபாரம், நடக்கட்டும். ஆனால் தமிழில் மாயக்கற்பனைக்கு மரபே கிடையாது, வெளியிலிருந்துதான் கற்றுக்கொண்டாக வேண்டும் என்று நம் சகாக்களே பேசுகிறார்களே, அதைத்தான் சகித்துக்கொள்ள முடியவில்லை.

இவர்கள் மணிமேகலையைப் படித்தவர்கள் இல்லை. பரீட்சைக்குப் படித்திருப்பார்கள். அது வேறு காரியம். உ.வே.சாமிநாதையர் அதைப் பதிப்பித்தது 1898இல். அன்றுமுதல் பௌத்த நூல், அற நூல், ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்று என்று பட்டங்கள் சூட்டி அலமாரியில் ஏற்றிவிட்டார்கள். அது ஓர் ஓடிப்போன பெண்ணின் கதை என்பது யார் கண்ணிலும் படவில்லை. பாட்டி சித்திராபதி அவளுக்கு நாட்டியத்தையும் அரசகுமாரனையும் விதித்து வைத்திருக்கிறாள். தூங்குகிறவளைத் தெய்வம் கடல் கடந்து மணிபல்லவத்தில் கொண்டுபோய் வைக்கிறது. ஆளற்ற தீவில் விழித்தெழுந்து, செத்துப்போன அப்பனை நினைத்து அழுகிறாள். சாகசக் கதைக்கு இதைவிட என்ன துவக்கம் வேண்டும்?

அதற்குப் பிறகு சாத்தனார் செய்கிற காரியம்தான் முக்கியம். தெய்வம் அவளுக்கு மூன்று மந்திரங்கள் தருகிறது. வேற்றுரு எடுக்க ஒன்று, வானில் பறக்க ஒன்று. இந்த இரண்டும் எந்த மாயக்கதையிலும் கிடைக்கும். மூன்றாவது, பசியைப் பொறுக்க. ஓடிப்போகிற பிள்ளைக்கு முதல் ராத்திரியிலேயே எதிரே வந்து நிற்கிற அரக்கன் யார் என்பது சாத்தனாருக்குத் தெரிந்திருக்கிறது. அப்புறம் கோமுகிப் பொய்கையிலிருந்து அவள் கைக்கு வருவது வாள் அல்ல, அமுதசுரபி. பிச்சைப் பாத்திரத்தை ஆயுதமாக ஏந்திய சாகச நாயகி வேறு எங்கே இருக்கிறாள்? சோறு போடாமல் அறையில் பூட்டி வைக்கிறாள் அரசி. அந்த மூன்றாவது மந்திரம் அங்கேதான் அவளைக் காப்பாற்றுகிறது. சிறைக்கோட்டத்தையே அவள் அறக்கோட்டம் ஆக்குகிறாள்.

வழிகாட்டி அறவண அடிகள் இவ்வளவு நேரமும் எங்கே இருந்தார்? தீவில் இல்லை, சிறையில் இல்லை. அவள் பாத்திரத்தோடு திரும்பி வந்து வணங்கும்போது அந்தப் பாத்திரத்தின் பழைய கதையைச் சொல்கிறார். புகாரைக் கடல் கொண்ட பிறகு வஞ்சிக்கும் காஞ்சிக்குமாக அலைகிறார். ஊரை இழந்தவள் மாணவி மட்டுமில்லை, ஆசானும்தான். இடையில் அவள் ஆண் தவசி வேடத்தில் வஞ்சியில் சமயக்கணக்கர் ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டு, ஒருவர் சொல்வதிலும் நிறைவடையாமல் வெளியேறுகிறாள். பசித்த காஞ்சிக்குச் சோறு போட்டு முடித்த பிறகுதான் அவர் அவளுக்குப் போதிக்கிறார்.

அந்தப் போதனை காவியத்தின் பலவீனமான பகுதி என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தருக்கப் பாடமாக இறுகிவிட்ட இருபத்தொன்பதாம் காதையைப் படித்து யாரும் சிலிர்த்திருக்க மாட்டார்கள். வழிகாட்டி முழுக்க வாயைத் திறந்ததும் கவிதை வாயை மூடிக்கொண்டுவிடுகிறது. சாத்தனாருக்கே நேர்ந்த கதி இது. முதல் அத்தியாயத்திலேயே கிழவரைப் பேசவிடுகிற நம்மவர்களுக்கு என்ன நேரும்?

கற்பனையை விட்டுவிட்டு நம் ஜில்லாவுக்கே வருவோம். 1934இல் கடலூரில் பிறந்த ஜெயகாந்தன் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டு, சிறுபிள்ளையாகவே வீட்டை விட்டு வெளியேறியவர். விழுப்புரத்தில் மாமா. பிறகு சென்னையில் கம்யூனிஸ்ட் கட்சியின் கம்யூன், அச்சுக்கூடம். கோலூன்றிய ஞானி யாரும் அவருக்காக வழியில் காத்திருக்கவில்லை. சோறும் எழுத்தும் ஒரே கூரையின் கீழ் கிடைத்தன. பின்னாளில் அந்தக் கட்சியை விட்டும் விலகினார். ஓடிவந்த பிள்ளை ஒருநாள் வழிகாட்டியிடமிருந்தும் ஓடத்தான் வேண்டும். சிஷ்யன் காலமெல்லாம் காலடியிலேயே கிடக்கிற கதைகளை நான் நம்புவதில்லை.

நான் இருப்பது கம்மாபுரத்தில். பழுப்பு நிலக்கரிக்காக ஊர்களைப் பெயர்த்தெடுத்த பிரதேசம் இது. இங்கே வீட்டை விட்டு ஓடுவது கதை இல்லை. சில சமயம் வீடே ஓடிவிடுகிறது. பக்கத்து விருத்தாசலம் ஜங்ஷனில் டிக்கெட் இல்லாமல் ஏறுகிற பையனுக்கு ஆசான் கிடைப்பது துர்லபம். வேலைக்குப் பிடித்துப்போகிற ஆசாமி கிடைப்பது சுலபம். அவனும் அன்பாகத்தான் பேசுவான், அவனும் வழி காட்டுவான். எல்லாம் தெரிந்த பெரியவர் கையைப் பிடித்தால் கண்ணை மூடிக்கொண்டு பின்னால் போ என்று கற்பிக்கிற கதை இந்தப் பையனை எங்கே கொண்டுபோய் விடும்? இது அழகியல் கேள்வி இல்லை என்று நீங்கள் சொல்லலாம். எனக்கு இதுதான் அழகியல்.

ஆகவே மாயக்கதை எழுதுங்கள். தாராளமாகப் பறக்க விடுங்கள். ஆனால் உங்கள் கிழவர் கொஞ்சம் தாமதமாக வரட்டும். அவருக்கும் வழி தப்பட்டும். பையன் அவரை நம்புவதற்கு முன்னால் நாலு பேரிடம் விசாரித்துப் பார்க்கட்டும். வாளை அப்புறம் கொடுத்துக்கொள்ளலாம். முதலில் அவன் சாப்பிட்டானா என்று கேட்கச் சொல்லுங்கள்.