ஓலைக் கணக்கும் விரிதாளும்: தரவேற்றம் ஒரு பதிப்புப் பணி

கேளம்பாக்கத்துக்கு வடக்கே சிறுசேரியின் மென்பொருள் வளாகங்கள், தெற்கே திருப்போரூர். 1767–1774 காலப்பகுதியில் தாமஸ் பர்னார்டு என்னும் ஆங்கிலப் பொறியாளர் மேற்கொண்ட அளவாய்வின்போது, செங்கல்பட்டுச் சாகீரைச் சேர்ந்த ஏறத்தாழ 2000 ஊர்களின் கணக்குகள் திரட்டப்பட்டன. அவற்றின் தமிழ் ஓலைகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் உள்ளன. தரம்பாலின் முயற்சியால் ஆய்வுலகின் கவனத்துக்கு வந்த இவற்றுள், திருப்போரூர், வடக்குப்பட்டு ஆகிய ஈரூர்களின் கணக்குகளைச் சென்னையிலுள்ள சென்டர் ஃபார் பாலிசி ஸ்டடீஸ் நிறுவனம் 2001இல் நூலாக வெளியிட்டது. இத்தகைய ஊர்க்கணக்குகளை விரிதாளில் பெயர்த்தெழுதி இணையத் தரவுத்தளத்தில் ஏற்ற விழைவோர் இன்று பலர். ஆயின் அவ்வேற்றம் எழுத்தர் பணியாகவே எண்ணப்படுகிறது. அதனைப் பதிப்புப் பணியாகக் கொள்வதே பொருத்தமுடையது.

ஊர்க்கணக்கின் அளவைகள் பதின்ம முறைக்கு அடங்குவன அல்ல. ஒரு கலத்துக்கு 12 மரக்கால். 3 கலம் 10 மரக்காலை இடச்சுருக்கம் கருதி ஒருவர் 3.10 எனப் பதிந்தால், விரிதாள் அதனை எண்ணெனக் கொண்டு 3.1 ஆக்கிவிடும். பின்னர்ப் படிப்பவர் 3 கலம் 1 மரக்கால் என்றே கொள்வார். 9 மரக்கால் நெல் கணக்கிலிருந்து மறைந்துவிடும். கால் என்னும் பின்னத்தை 1/4 என இட்டால், கணினியின் வட்டார அமைப்புக்கேற்ப அது ஏப்ரல் 1 என்றோ சனவரி 4 என்றோ தேதியாகும். பிழைச்செய்தி எதுவும் திரையில் தோன்றாது. மார்ச்1 முதலான மரபணுப் பெயர்கள் இவ்வாறு தேதிகளாக மாறியதால் மனித மரபணுப் பெயரிடல் குழு 2020இல் அப்பெயர்களையே மாற்றியமைத்தது. மாவுக்கும் காணிக்கும் அவ்வாறு புதுப்பெயர் சூட்ட இயலாது.

பின்னங்களைக் குறிகளாகவே பதிந்தாலும் இடர் தீர்வதில்லை. முந்திரி (1/320) முதலான குறிகள் 2019 மார்ச்சில் வெளிவந்த ஒருங்குறி 12.0 பதிப்பில்தான் இடம்பெற்றன. வழக்கமான தமிழ் ஒருங்குறிக் குறியெண் ஒவ்வொன்றுக்கும் யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் 3 பைட்டுகள் போதும். இக்குறிகளுக்கு 4 பைட்டுகள் தேவை. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் 'யுடிஎஃப்8' எனப் பெயரிய பழைய அமைப்பு 3 பைட்டுகளுக்கு மேல் ஏற்காது. கண்டிப்பு முறை இயக்கப்படாத நிலையில், அக்கட்டத்தில் முந்திரிக்குறியும் அதன் பின்னுள்ள அனைத்தும் வெட்டுண்டு போகும். தம் கணினியிலுள்ள கோப்பு செம்மையாக இருப்பதைக் கண்டு ஆய்வாளர் அமைதியுறுவார்.

ஊர்ப்பெயர்த் தரவிலும் சிக்கல் உண்டு. கேளம்பாக்கம் 1997க்குப் பின் காஞ்சிபுரம் மாவட்டத்திலும், 2019 முதல் புதிய செங்கல்பட்டு மாவட்டத்திலும் அமைந்தது. வெவ்வேறு காலத்துப் பட்டியல்களை ஆண்டுக் குறிப்பின்றி ஒன்றாக ஏற்றினால் ஓரூர் ஈரூராகும். ஔகாரத்தை ஒகரமும் ளகரமுமாகத் தட்டச்சிடும் வழக்கமோ தேடலையே பொய்யாக்குகிறது.

உ.வே.சாமிநாதையர் தாம் ஒப்பிட்ட ஏடுகளையும் பாடவேறுபாடுகளையும் பதிப்புகளில் குறித்தார். தரவுத்தளம் உருவாக்குவோர் அதே கடப்பாட்டிலிருந்து விலகி நிற்பதற்குக் காரணமில்லை. எல்லாக் கட்டங்களையும் உரையாகவே கொண்ட, திருத்தப்படாத உரைக்கோப்பு ஒன்று மூலப்படியாகப் பேணப்பட வேண்டும். ஓலையின் வாசகமும் அதிலிருந்து கணிக்கப்பட்ட எண்ணும் தனித்தனி நிரல்களில் நிற்க வேண்டும். எந்த அளவை எவ்விதியால் மாற்றப்பட்டது என்பதும் எழுதப்பட வேண்டும்; ஊருக்கு ஊர் மரக்கால் வேறுபட்ட நிலையில் இது மிகவும் இன்றியமையாதது.

நிரலாக்கம் பயிலாத தமிழ் ஆய்வாளருக்கு இது மிகைச்சுமை எனச் சிலர் கருதலாம். இதற்கு வேண்டுவது நிரலாக்க அறிவன்று. ஒரு பக்க விளக்கக் குறிப்பே. அக்குறிப்பையும் மூலக்கோப்பையும் கட்டுரையுடன் கேட்டுப் பெறும் வழக்கத்தைத் தமிழ்த்துறை இதழ்கள் தொடங்கலாம். மதிப்பீட்டாளர் பத்து வரிகளை ஓலைப் பெயர்ப்போடு ஒப்பிட்டாலே 3.1 எங்கிருந்து வந்தது என்பது புலப்பட்டுவிடும்.