ரத்தமும் உரிமையும்

நோய்க்குக் காரணம் கண்டுபிடிப்பதாகச் சொல்லி ஒரு ஜனசமூகத்தின் ரத்தத்தைப் பெற்று, அதை அவர்கள் அறியாத வேறு காரியங்களுக்கு உபயோகிக்க எவருக்கேனும் உரிமை உண்டா? அமெரிக்காவின் பூர்வகுடிகளில் ஒரு சாராரான ஹவாசுபாய் மக்கள் எழுப்பிய கேள்வி இது. வைத்திய ஆராய்ச்சி பெருகிவரும் ஒவ்வொரு நாட்டினரும் இதைச் சிந்திக்கக் கடமைப்பட்டிருக்கின்றனர்.

அரிஜோனா மாகாணத்தில், கிராண்ட் கேனியன் என்னும் பெரும் பள்ளத்தாக்கின் அடியில் வாழ்பவர்கள் இவர்கள். இவர்களிடையே நீரிழிவு நோய் மிகுந்திருந்தது. அதற்கு வழி பிறக்குமென்று நம்பி, 1990-ம் வருஷம் முதல் அரிஜோனா ஸ்டேட் சர்வகலாசாலை ஆராய்ச்சியாளரிடம் தங்கள் ரத்தத்தைக் கொடுத்தனர். கையொப்பம் வாங்கிய பத்திரத்திலோ நீரிழிவுக்கு அப்பாலும் இடங்கொடுக்கும் பரந்த வாசகம் இருந்தது. 2003-ம் வருஷத்தில் அக்குலத்துப் பெண்மணி ஒருவர் அந்தச் சர்வகலாசாலையில் ஒரு மாணவரின் ஆராய்ச்சி உரையைக் கேட்கச் சென்றபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. மனச்சிதைவு நோய், நெருங்கிய உறவினரிடையே மணம், முன்னோர் ஆசியாவிலிருந்து குடியேறிய வரலாறு ஆகிய ஆராய்ச்சிகளுக்கும் அதே ரத்தம் உபயோகப்பட்டிருந்தது. அப்பள்ளத்தாக்கே தங்கள் பிறப்பிடமென்று வழிவழியாக நம்பிவரும் மக்களின் மனம் எவ்வளவு புண்பட்டிருக்கும்!

2004-ல் வழக்குத் தொடர்ந்தனர். நோட்டீஸ் கொடுத்த முறையில் குறை கண்டு கீழ்க்கோர்ட்டு அதைத் தள்ளிற்று; 2008-ல் அப்பீல் கோர்ட்டு அதற்கு உயிர் கொடுத்தது; 2010-ல் ராஜி ஏற்பட்டது. 41 பேருக்கு 7 லட்சம் டாலர் கிடைத்தது. எஞ்சியிருந்த ரத்தமும் திருப்பிக் கொடுக்கப்பட்டது. ஆயினும், சம்மதத்தின் எல்லை யாது என்ற மூலப் பிரச்னைக்கு எந்த நியாயஸ்தலமும் தீர்ப்புக் கூறவில்லை. சட்டம் பயின்ற நமக்கு இதுவே பெருங்குறையாகப் படுகிறது.

கோர்ட்டு தீர்க்காமல் விட்டதற்கு, கனடாவிலுள்ள வேறொரு பூர்வகுடியினர் முன்பே வழி கண்டிருந்தனர். மாண்ட்ரீல் நகருக்கு அருகேயுள்ள கானவாகே என்னுமிடத்தில், மோஹாக் மக்களும் ஆராய்ச்சியாளரும் கூடி, 1994-ல் பள்ளிக்கூடங்களின் மூலம் நீரிழிவைத் தடுக்கும் வேலையைத் தொடங்கினர். ஊரார் அடங்கிய ஆலோசனைச் சபை ஆரம்ப முதல் அதில் பங்கு கொண்டது. ஆராய்ச்சிக்கென ஒரு விதித்தொகுப்பும் எழுதிக்கொண்டனர். முடிவுகளை முதலில் ஊராரிடம் தெரிவிக்க வேண்டும். அதன் பொருள் குறித்து அபிப்பிராய பேதம் உண்டானால், இரு தரப்பாரும் தத்தம் கருத்தை வெளியிடலாம்.

ஜனங்களைக் கேட்டுத்தான் நடக்க வேண்டுமென்றால் விஞ்ஞானத்திற்கு விலங்கு பூட்டியதாகும் என்று சிலர் ஆட்சேபிக்கின்றனர். கானவாகே விதியே இதற்குத் தக்க பதில். அங்கே ஒருவர் வாயை மற்றவர் அடைக்கவில்லை. மாறாக, அரிஜோனாவில் நடந்ததன் பலன் என்ன? ஹவாசுபாய் மக்கள் 2003-லேயே அந்தச் சர்வகலாசாலையாரைத் தங்கள் எல்லைக்குள் வரக்கூடாதென்று விலக்கிவிட்டனர். நம்பிக்கை போனபின் ஆராய்ச்சிதான் எங்கே நடக்கும்?

பூர்வகுடிகள் ஆராய்ச்சியை வேண்டாமென்று சொல்லவில்லை. நோயினால் வருந்துகிறவர்கள் அவர்களே. எதை ஆராய்வது, எடுத்ததை யார் வைத்துக்கொள்வது, முடிவை எவ்விதம் சொல்வது என்பவற்றில் தங்களுக்கும் சமமான வாக்கு வேண்டுமென்றே கேட்கின்றனர். இது சலுகையன்று, உரிமை. அதைப் பத்திரத்தில் எழுதித் தந்த பின்னரே ஊசியைக் கையில் எடுக்க வேண்டும் என்பது நமது திடமான அபிப்பிராயம்.