மண்ணின் ஈரமும் மரத்தின் உரிமையும்



அணையின் நீர்மட்டம் எத்தனை அடி என்பதை ஏடுகள் நாள்தோறும் அறிவிக்கின்றன. மழை எவ்வளவு பெய்தது என்பதையும் கூறுகின்றன. ஆனால், பெய்த மழையில் மண்ணுக்குள் இறங்கியது எவ்வளவு, வேர் பருக எஞ்சியது எவ்வளவு என்று கேட்போர் இல்லை, சொல்வோரும் இல்லை. காட்டையும் புல்வெளியையும் மானாவாரிப் பயிரையும் வாழவைப்பது கண்ணுக்குப் புலப்படாத அந்த ஈரமே அன்றோ! அதன் கணக்கைச் சற்றே புரட்டிப் பாருங்கள்.

2025-ஆம் ஆண்டு 'சயின்ஸ்' ஆய்விதழில் பல நாட்டு அறிவியலாளர் கூடி ஒரு கணக்கை வெளியிட்டனர். 2000 முதல் 2002 வரை உலகின் மண் இழந்த ஈரம் ஏறத்தாழ 1,61,400 கோடி டன். 2002 முதல் 2006 வரை கிரீன்லாந்து இழந்த பனியோ ஏறத்தாழ 90,000 கோடி டன்தான். பனிமலை சரிந்தபோது உலகம் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தது. அதனினும் பெரிய இழப்பு காலடியிலேயே நிகழ்ந்தது. எவரும் குனிந்து பார்க்கவில்லை! 2003 முதல் 2016 வரை மேலும் 1,00,900 கோடி டன் போயிற்று. 2021 வரையிலும் இழந்தது மீளவில்லை. காரணம் யாது? மழை குறைந்தது, ஆனால், வெப்பமேறிய காற்று ஈரத்தை உறிஞ்சுவது குறையவில்லை. வரவு சுருங்கியது, செலவு சுருங்கவில்லை. அத்தகைய குடும்பம் என்னாகும் என்பதை நான் சொல்லவும் வேண்டுமோ?

ஈர மண்ணில் விழும் வெயிலில் ஒரு பெரும் பகுதி நீரை ஆவியாக்குவதிலே செலவாகிவிடும். காய்ந்த மண்ணிலோ அதே வெயில் காற்றைச் சுடவைக்கும். வெப்பம் மிகவே, உள்ள ஈரமும் வற்றும். செடி தன் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும், வளர்ச்சி நிற்கும், கரியமில வாயுவை உட்கொள்ளும் பணியும் தளரும். 2003-ஆம் ஆண்டுக் கோடையில் ஐரோப்பா இதைக் கண்டது. இளவேனிலிலேயே உலர்ந்துபோன மண், வெப்ப அலையை வளர்த்துவிட்டது. 70,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தாவரங்களின் உற்பத்தி ஏறத்தாழ 30 விழுக்காடு சரிந்தது. கரியை ஈர்த்து வைக்கவேண்டிய காடும் வயலும் அவ்வாண்டு கரியை வெளியேற்றின. செல்வம் கொழிக்கும் நாடுகளுக்கே இக்கதி!

"இயற்கையின் சீற்றம், அரசு என் செய்யும்?" என்று கைவிரிப்போர் உண்டு. அவர்களுக்கு விடை, சகாராப் பாலைவனத்தின் தென்விளிம்பில் உள்ள நைஜர் நாட்டில் இருக்கிறது. 1935-இல் பிரெஞ்சு ஆட்சி பிறப்பித்த காட்டுச் சட்டம், மரத்தின்மீது அரசுக்கே அதிகாரம் என்றது. 1960-இல் விடுதலை வந்தது. சட்டத்தின் போக்கு மாறவில்லை. தன் வயலில் தானே முளைத்த மரத்தை வெட்டினாலும் உழவனுக்குத் தண்டம்! தனக்குச் சொந்தமாகாத மரத்தை எவன் பேணுவான்? முளையிலேயே களைந்தான். நிழலிழந்த நிலத்தைக் காற்று அரித்தது, மேல்மண் இறுகியது, பெய்த மழை உள்ளிறங்காமல் ஓடிற்று. 1968-இல் தொடங்கிய கொடும் வறட்சி, காய்ந்து கிடந்த மண்ணின்மேல் இடியென விழுந்தது.

1980-களின் நடுவில் அந்தப் பிடி தளர்ந்தது. வெட்டுண்ட அடிக்கட்டைகளின் வேர்கள் மண்ணுக்குள் உயிரோடுதான் இருந்தன. அவற்றில் கிளைத்த துளிர்களை உழவர்கள் காத்தனர். பின்னர் ஆய்வாளர் மதிப்பிட்டபோது, ஏறத்தாழ 50 இலட்சம் ஹெக்டேரில் 20 கோடி மரங்கள்! சருகு மக்கி மண்ணை நெகிழ்த்தியது. நிழல் ஈரத்தைக் காத்தது. 2020-இல் உழவரின் இப்பணிக்கு அரசாணையும் பிறந்தது. அண்டை நாடான புர்க்கினா பாசோவில் யாகூபா சவடோகோ என்னும் உழவர், இறுகிய தரையில் குழி தோண்டி எரு இட்டார். எருவை நாடி வந்த கரையான் மண்ணைத் துளைத்தது. அத்துளை வழியே மழைநீர் இறங்கிற்று. பாழ்நிலத்தில் காடு எழுந்தது.

வானத்தைச் சூடேற்றும் புகையைக் கொட்டிய நாடுகளின் பொறுப்பு இதனால் குறைந்துவிடாது. ஓர் உழவனின் குழி உலக வெப்பத்தைத் தணித்துவிடாது. ஆனால், பெய்கின்ற மழை மண்ணில் தங்குமா, ஓடுமா என்பதை முடிவு செய்வதில் சட்டத்திற்கும் பங்குண்டு என்பதற்கு நைஜர் சான்று.

அளக்கக் கருவி இல்லை என்னும் சாக்கும் இனிச் செல்லாது. 2009-இல் ஐரோப்பாவும் 2015-இல் அமெரிக்காவும் ஏவிய செயற்கைக்கோள்கள் மேல்மண்ணின் ஈரத்தை விண்ணிலிருந்தே அளக்கின்றன.

ஆகவே, தோழர்களே, வறட்சியைப் பற்றி மேடையேறும்போது அணைக் கணக்கோடு நின்றுவிடாதீர்கள். இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேளுங்கள். மண்ணில் ஈரம் எவ்வளவு? அதைக் காப்பவனுக்கு, அவன் நிலத்தில் முளைத்ததன்மேல் உரிமை உண்டா? முதற் கேள்விக்கு விண்கலம் விடை தரும். இரண்டாவதற்கு ஆள்வோர்தாம் விடை தர வேண்டும். தரும்வரை கேட்பது நம் கடமை!