ஆடியோவில் கேட்டே படிச்சிடலாமா? கல்வராயன் மலை மாணவர்களுக்கு எது கைகொடுக்கும்?

கல்வராயன் மலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கும் பஸ்ஸில் புத்தகத்தைத் திறந்தால், வளைவுகளில் தலை சுற்றிவிடும். ஆனா இயர்போன் மாட்டிக்கிட்டா பாடம் கேட்டுக்கிட்டே வரலாம். அப்படிக் கேட்பதும் படிப்புக் கணக்கில் சேருமா? விரிவாகப் பார்க்கலாம்.

இங்கே ஏன் இது முக்கியம்?

2019-ல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து உருவான மாவட்டம் கள்ளக்குறிச்சி. 2011 கணக்கெடுப்பின்படி, பிரிக்கப்படாத விழுப்புரம் மாவட்டத்தின் எழுத்தறிவு சுமார் 72 சதவீதம். மாநில சராசரி 80 சதவீதம். கல்வராயன் மலையில் பெரும்பாலும் மலையாளி பழங்குடியினர் வசிக்கிறார்கள். வீட்டிலிருந்து முதல் ஆளாகப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இங்கே இன்றும் உண்டு. பாடத்தை வாசித்துக் காட்ட வீட்டில் ஆள் இல்லை என்றால், அந்த இடத்தை ஆடியோ நிரப்புமா என்பதுதான் கேள்வி.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

அமெரிக்க ஆய்வாளர் வர்ஜீனியா கிளிண்டன் லிசெல், 46 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார். 2022-ல் வெளியான அதன் முடிவு: மொத்தமாகப் பார்த்தால், கேட்பதற்கும் வாசிப்பதற்கும் புரிதலில் பெரிய வித்தியாசம் இல்லை.

ஆனா ஒரு கண்டிஷன் இருக்கு. வாசிப்பவர் தன் வேகத்தில் வாசிக்க முடிந்தால், வாசிப்பு முந்துகிறது. காரணம் எளிது. புரியாத வரியில் கண் தானாக நின்றுவிடும், மேலே போய்த் திரும்பிப் பார்க்கும். ஆடியோ நமக்காக நிற்காது. மனசு வேறெங்கோ போனாலும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும்.

கதைக்கும் பாடத்துக்கும் இங்கேதான் வித்தியாசம். கதையில் ஒரு வரி தவறினால் அடுத்த வரியில் பிடித்துவிடலாம். அறிவியல் பாடத்தில் ஒரு வரையறை தவறினால் அதற்குப் பிறகு எதுவும் புரியாது.

தேர்வு என்றால்?

டிஎன்பிஎஸ்சி குரூப் 4-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 3 மணி நேரத்தில் 200 கேள்விகள். ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்கூட கிடைக்காது. வேகமாக வாசிக்கும் பழக்கம் இல்லை என்றால், விடை தெரிந்தும் நேரம் போதாது.

தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. 'கரை', 'கறை' இரண்டும் நம் பேச்சில் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் கேட்கும். ஒன்று ஆற்றங்கரை, இன்னொன்று சட்டையில் படியும் கறை. கண்ணால் பார்த்துப் பழகினால்தான் எழுத்து மனதில் நிற்கும்.

அப்போ கேட்பது வீணா?

இல்லவே இல்லை. 1986-ல் கஃப், டன்மர் என்ற ஆய்வாளர்கள் ஒரு கணக்கு சொன்னார்கள். எழுத்தை வாசிக்கும் திறனையும், மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவதே வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன். பெருக்கல் என்பதால் ஒன்று பூஜ்யமானால் மொத்தமும் பூஜ்யம். கதையும் பாடமும் நிறையக் கேட்கும் பிள்ளைக்குச் சொல்வளம் கூடும். ஆனால் எழுத்தை வாசிக்க அது மட்டும் கற்றுத் தராது.

பார்வை மாற்றுத்திறனாளிகள், எழுத்துகளை வாசிக்கச் சிரமப்படும் டிஸ்லெக்சியா உள்ளவர்கள் ஆகியோருக்கு ஆடியோ அவசியமான வழி. அதைக் குறுக்குவழி என்று யாரும் சொல்லக் கூடாது.

எப்படிப் பயன்படுத்தலாம்?

சிக்னல் கிடைக்கும் இடத்தில் ஆடியோவை டவுன்லோடு செய்துவிடுங்கள். முதலில் புத்தகத்தில் வாசித்த பாடத்தையே பஸ்ஸில் கேளுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, கேட்டதை உங்கள் வார்த்தையில் சொல்லிப் பாருங்கள். சொல்ல வரவில்லையா? ரீவைண்ட் பண்ணுங்க. சின்னப் பிள்ளைகள் என்றால், ஆடியோ ஓடும்போது புத்தகத்தில் விரல் வைத்து வரியைத் தொடரச் சொல்லுங்கள்.

மலைக்கிராமப் பிள்ளையின் கையில் ஒரு போன் இருந்தால் பாடம் காதுக்கு வந்துவிடும். ஆனால் வாசிக்கச் சொல்லித்தர வகுப்பில் ஓர் ஆசிரியர் வேண்டும். போனைக் காட்டி அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட முடியாது.