கோடித் துணியும் பழந்துணியும்



சங்கரன்கோவிலுக்கு நாம் பங்குப் பணியாற்ற வந்த நாளில் நம்மை முதலில் வரவேற்றது தறியோசை. கரிசல் நிலத்தின் நடுவே அமைந்த இவ்வூருக்கு, ஆடித் தபசால் பெயர்பெற்ற சங்கரநாராயணர் கோவில் ஒரு முகம் என்றால், பருத்தித் துணி நெய்யும் தறிகள் மற்றொரு முகம். 2019ஆம் ஆண்டு நவம்பரில் தென்காசி மாவட்டம் உருவானபோது, நெல்லையிலிருந்து பிரிந்து இவ்வூரும் அதனுள் சேர்ந்தது. பெயர்ப்பலகைகள் மாறின, தறியோசை மாறவில்லை. மின்சாரம் நின்றால்தான் தெரு ஊமையாகும். அவ்வாறு தெரு ஊமையாகிக் கிடந்த ஒரு முற்பகலில், வீடு சந்திக்கச் சென்ற நாம், இம்மாதம் எழுத எடுத்துக்கொண்ட அம்மையாரைக் கண்டோம்.

அவர் பெயர் வேண்டா. அச்சில் வருவதை அவர் விரும்பமாட்டார். எழுபதைக் கடந்தவர். நெசவாளியான கணவர் இறைவனடி சேர்ந்து ஐந்தாண்டுகள் ஆகின்றன. தறியையும் விற்றாயிற்று. திண்ணையில் காலை நீட்டி அமர்ந்து, மடிமீது ஏதோ ஒரு துணிக் குவியலை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். அருகில் சென்று பார்த்தபோதுதான் அது குவியலன்று, ஒரே போர்வை எனத் தெரிந்தது. நைந்த சேலை அடியில். பழைய வேட்டி இரண்டு மடிப்பு நடுவில். மேலே உள்ளங்கை அகலத்தில் பல நிறத் துண்டுகள். மூன்றையும் சேர்த்துப் பிடித்தபடி, நெல் விதைத்தாற்போல ஓடு தையல் வரிசை வரிசையாகச் சென்றுகொண்டிருந்தது.

வெயிலுக்குப் பெயர்போன ஊரில் இத்தனைத் தடிப்பான போர்வை எதற்கு என்று வினவினோம். “போத்துறதுக்கு மார்கழி ஒரு மாசந்தான் சாமி. மத்த நாள்ல சிமிண்டுத் தரையில விரிக்கதுக்கு” என்றார்.

அன்று முதல் அவ்வீட்டைக் கடக்கும்போதெல்லாம் ஐந்து நிமிடம் நிற்பது நம் வழக்கமாயிற்று. அவருடைய நாள் ஒழுங்கு, குருமடத்தில் நாம் பயின்ற ஒழுங்குக்குச் சற்றும் குறைந்ததன்று. காலைத் திருப்பலி முடிந்து வந்து, கஞ்சி குடித்து, முற்றம் தெளித்துவிட்டுத் திண்ணைக்கு வருவார். கண்புரைக்கு அறுவை செய்துகொண்டவராதலால் ஊசியில் நூல் கோப்பது அவருக்கு இயலாது. பள்ளி செல்லும் வழியில் அடுத்த வீட்டுச் சிறுமி நின்று, பத்து ஊசிகளில் நூல் கோத்து, பழந்துணிப் பொதியில் வரிசையாகக் குத்தி வைத்துவிட்டுப் போவாள். பத்து ஊசி நூலும் தீர்ந்தால் அன்றைய வேலை தீர்ந்தது. அதற்குமேல் ஒரு தையலும் இல்லை. இதைவிட நல்லதொரு கடிகாரத்தை நாம் கண்டதில்லை.

துண்டுகளுக்குப் பஞ்சமில்லை. தறிக்கூடங்களில் வெட்டி ஒதுக்கும் துணி முனைகளைத் தெரிந்தவர்கள் கொண்டுவந்து தருகின்றனர். முதலில் அடித்துணியைத் தரையில் விரித்து, நான்கு மூலையிலும் படியும் உழக்கும் பாரமாக வைப்பார். பின்னர் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி, கையால் தடவித் தடவி, நெடுந்தையலாக இழையோட்டுவார். ஓரத்தில் தொடங்கினால் சுருக்கமெல்லாம் நடுவில் வந்து கூடிவிடுமாம். அதன் பிறகே சிறு தையல்.

நாம் கண்ட நாளில் மூன்று வேலைகள் ஒருங்கே நடந்துகொண்டிருந்தன. கணவரின் வேட்டிகளும் சாரங்களும் சேர்ந்த பெரிய போர்வை ஒன்று; அது பாதியில் நிற்கிறது. பாவசங்கீர்த்தனம் கேட்கும் நாற்காலிக்கு மெத்தை ஒன்று. நம் முதுகுவலியை யாரோ அவரிடம் சொல்லிவிட்டனர். மூன்றாவது, முழ அளவில் ஒரு சிறு விரிப்பு. அதைப்பற்றிக் கேட்டபோது பேச்சை மாற்றிவிட்டார்.

ஒருமுறை வணிகர் ஒருவர் போர்வையை விலைக்குக் கேட்டிருக்கிறார். மறுத்துவிட்டாராம். ஏன் என்றோம். “பன்னெண்டு வயசுலருந்து தார் சுத்திருக்கேன் சாமி, கூலிக்கு. இது ஒண்ணாச்சும் கூலியில்லாமக் கெடக்கட்டும்.” வாழ்நாளெல்லாம் பிறர் துணிக்கு நூல் சுற்றிய கைகள் தமக்கென எடுத்துக்கொண்ட முதல் வேலை அது. வருமானம் தராத வேலையெல்லாம் வீண்வேலை என்று எண்ணும் நம் காலத்துக்கு இதில் ஒரு பாடம் உண்டு. ஆயினும் இன்று நாம் சொல்ல வந்தது வேறு.

அவ்வீட்டில் ஒரு துயரம் இருந்தது. மகனுக்குத் திருப்பூரில் பனியன் தொழிற்சாலையில் வேலை. மாதம் ஒருமுறை வருவார். கோவைப் பக்கத்திலிருந்து வந்த மருமகள் பட்டதாரி. மணமான சில மாதங்களில், வீட்டைத் துப்புரவு செய்த அப்பெண் கட்டிலில் கிடந்த ஒட்டுப் போர்வையைச் சாக்கில் கட்டிப் புறக்கடையில் வைத்துவிட்டு, கடையில் வாங்கிய புதிய கம்பளியை விரித்திருக்கிறார். “பிச்சைக்காரர் வீட்டுக் கந்தை போல இருக்கிறது, அத்தை” என்று சொல்லும் வந்துவிட்டது. அந்தப் போர்வையில் இருந்தது மாமனாரின் வேட்டி என்பது அவருக்குத் தெரியாது. மாமியாரும் வாளாவிருக்கவில்லை. பெண்ணைப் பெற்றவர்களை இழுத்து ஒரு சொல் சொன்னார். அந்த வாரமே மருமகள் தாய்வீடு சென்றுவிட்டார்.

கந்தை என்ற சொல்லுக்காக இத்தனைப் பாடு. அச்சொல்லோ இழிந்ததன்று. வங்காளத்துப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்தே நூலை உருவித் தைக்கும் போர்வைக்குக் ‘காந்தா’ என்று பெயர். கந்தை என்னும் நம் சொல்லும் அதனோடு ஒரே வேரிலிருந்து வந்ததுதான். பாட்டிமார் பேரக் குழந்தைகளுக்கென்று தைத்த அத்தகைய கந்தைகளை, கலை ஆய்வாளர் ஸ்டெல்லா கிராம்ரிஷ் அம்மையார் தேடிச் சேர்த்தார். அவை இன்று அமெரிக்காவின் பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

நமக்கு அண்மையில், கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்துக் காட்டோரச் சிற்றூர்களில் சித்தி மக்கள் வாழ்கின்றனர். ஆப்பிரிக்காவிலிருந்து முன்னாளில் கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்கள் அவர்கள். கத்தோலிக்கர், இசுலாமியர், இந்துக்கள் என மூவகையினரும் அவர்களுள் உளர். அப்பெண்கள் தைக்கும் போர்வை ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி நடுவில் வந்து முடியும். நம் அம்மையாரின் முறைக்கு நேர் எதிரானது! முடிந்ததும் நான்கு மூலைகளிலும் மடித்த சிறு துணிகளைப் பூவாகச் சேர்ப்பர். அப்பூ இல்லாத போர்வை ஆடையற்ற போர்வை என்பது அவர்கள் எண்ணம்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஆற்று வளைவொன்றில் கீஸ் பெண்ட் என்னும் கறுப்பின உழவர் சிற்றூர் உள்ளது. அங்கே 1942இல் மிசௌரி பெட்வே என்ற பெண்மணி, மறைந்த கணவரின் வேலை உடைகளை வெட்டிப் போர்வையாகத் தைத்தார். அவரை நினைந்து, அவருடைய அன்பைப் போர்த்திக்கொள்ளவே தாய் அவ்வாறு செய்ததாக மகள் பிற்காலத்தில் எடுத்துரைத்தார். அவ்வூர்ப் போர்வைகள் 2002இல் ஹூஸ்டன் நகர அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. 2006இல் அமெரிக்க அஞ்சல்தலைகளிலும் இடம்பெற்றன. கடல் கடந்த அப்பெண்மணியை நம் அம்மையார் அறியார். ஆனால் இருவர் கையும் ஒரே வேலையைச் செய்தன.

திருமறை நூலிலும் இதற்குச் சான்றுண்டு. யோப்பா நகரில் தபித்தா இறந்தபோது, இராயப்பரைச் சூழ்ந்த கைம்பெண்கள் அழுதுகொண்டே அவருக்குக் காட்டியவை எவை? தபித்தா உயிரோடிருந்தபோது செய்து தந்த உடைகளே. ஒருவருடைய கைவேலை, அவருடைய அன்பைப் பற்றிச் சான்று கூறவல்லது.

இவற்றையெல்லாம் நாம் மருமகளுக்கு எடுத்துச் சொல்லியிருக்கலாம். மாமியாரின் மனத்தையும் கேட்டிருக்கலாம். செய்தோமில்லை. நாம் செய்தது வேறு. இரு வீட்டாரையும் ஒரு ஞாயிறன்று பங்கு இல்லத்துக்கு அழைத்தோம். மெய்விவாகத்தின் மேன்மை பற்றி அரைமணி நேரம் பேசினோம். ஒருவரை ஒருவர் மன்னிப்புக் கேட்கச் செய்து, ஆசியளித்து, அன்றே ஒரே வண்டியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். குருக்கள் சிலரிடம் இதைப் பெருமையாகச் சொல்லவும் சொன்னோம். பதினோராம் நாள் மருமகள் மறுபடியும் தாய்வீடு சென்றார், இம்முறை நகைப்பெட்டியோடு. முன்னைய பிளவைக் காட்டிலும் இது பெரிது. மகனும் எங்கு நிற்பது எனத் தெரியாமல் ஊருக்கு வருவதையே குறைத்துக்கொண்டார்.

அந்தக் கிறிஸ்துமஸ் முடிந்து குடிலைக் கலைத்தபோது, வெள்ளைத் துணி நான்கைந்து முழம் மிஞ்சிற்று. தூய கோடித் துணி. அம்மையாருக்குப் பயன்படும் என்று நாமே கொண்டுபோய்க் கொடுத்தோம். நன்றி சொல்லி வாங்கியவர், நம் கண்முன்னே அதை ஒரு வாளித் தண்ணீரில் அமிழ்த்திவிட்டார். நமக்குச் சற்று மனத்தாங்கல். அதைக் கண்டுகொண்ட அவர் சொன்னார்:

“கோடித் துணிய அப்படியே வச்சுத் தைக்கப்பிடாது சாமி. கஞ்சியோட இருக்கும். மொதத் தடவ தண்ணி பட்டதும் இழுத்துக்கிடும். அதுக்கு ஒண்ணும் ஆவாது. பக்கத்துல இருக்க பழசுதான் கிழியும். ரெண்டு நாள் ஊறணும், காயணும், மறுபடி நனையணும். அவசரப்பட்டா ஆவாது.”

நாம் அப்படியே நின்றுவிட்டோம். பழைய ஆடையில் கோடித் துணியை ஒட்டுப் போடுவார் இல்லை என்னும் ஆண்டவரின் உவமையை இருபத்தெட்டு ஆண்டுகள் பிரசங்கித்திருக்கிறோம். கோடி என்பதற்குக் கிரேக்க மூலத்தில் வரும் சொல், வண்ணார் கை இன்னும் படாத துணி என்று பொருள்படும் எனக் குருமடத்தில் மனப்பாடம் செய்து தேர்விலும் எழுதினோம். அதன் பொருளை இந்தத் திண்ணையில்தான் கண்ணால் கண்டோம். தம் வருகையால் வந்த புதுமையைப் பழைய வழக்கங்களின்மேல் வெறும் ஒட்டாக வைக்கலாகாது என்பதே ஆண்டவரின் கருத்து. அதை நாம் மாற்றவில்லை. ஆனால் உவமை எழுந்தது ஒரு வீட்டின் தையலிலிருந்து. வீட்டுக்கும் அது சொல்வதைக் கேட்பதில் தவறில்லை.

நாம் செய்த பிழை அப்போது விளங்கிற்று. ஊறவும் காயவும் நாள் கொடாமல், அரைமணி நேரத்தில் இரண்டையும் சேர்த்துத் தைத்து அனுப்பிவிட்டோம். முதல் தண்ணீர் பட்டதும் இழுத்துக்கொண்டது.

அன்று இன்னொன்றும் கண்டோம். பழந்துணியையும் அவர் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. இரு கைகளாலும் விரித்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கிறார். இழை நைந்த இடத்தை, அது எவ்வளவு அருமையான வேட்டியாயினும், வெட்டி எடுத்துவிடுகிறார். “நைஞ்ச எடத்துல எந்த ஒட்டும் நிக்காது சாமி” என்றார். சொல்லிவிட்டுச் சிறிது நேரம் தைக்காமல் இருந்தார். நாமும் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, “நானும் அன்னைக்கி அந்தப் புள்ளயோட அம்மாவச் சொல்லிருக்கக் கூடாது” என்றார்.

மன்னிப்பைப் பற்றி நாம் அரைமணி நேரம் பேசியபோது வராத சொல் அது.

அதன்பின் நாம் யாரையும் அழைக்கவில்லை. யாரையும் சேர்த்துவைக்கவும் முயலவில்லை. மகனிடம் மட்டும், போர்வையில் இருந்த வேட்டி யாருடையது என்பதை மனைவியிடம் சொல்லுமாறு கூறினோம். மருமகள் கருவுற்றிருக்கும் செய்தியும் அப்போதுதான் தெரிந்தது. அந்த முழ அளவு விரிப்பு யாருக்கு என்பதும் விளங்கிற்று. பிறந்த குழந்தையைக் கோடித் துணியில் கிடத்தாமல், பலமுறை துவைத்து மென்மையான பழந்துணியில் கிடத்துவது நம் வீடுகளின் வழக்கம் அல்லவா?

இரண்டு மாதம் கழித்து அஞ்சலில் ஒரு சிறு பொட்டலம் வந்தது. கடிதம் இல்லை. உள்ளே, கல்லூரி நாளில் அணிந்து நிறம் மங்கிய துப்பட்டா ஒன்று, ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. அம்மையார் அதை வாளியில் போடவில்லை. கன்னத்தில் வைத்துப் பார்த்தார். “இது நெறைய தண்ணி பாத்த துணி சாமி” என்றார்.

மாமனார் வேட்டியின் வெண்மைக்கு நடுவே அந்த மங்கிய நீலம் இப்போது ஏறிக்கொண்டிருக்கிறது. விரிப்பு இன்னும் முடியவில்லை. மருமகளும் இன்னும் வரவில்லை, பேறுகாலம் தாய்வீட்டில்தான். தொலைபேசியில் மட்டும் இருவரும் பேசுகின்றனர், சுருக்கமாக. காலைதோறும் சிறுமி பத்து ஊசிகளில் நூல் கோத்துவிட்டுச் செல்கிறாள்.

மருமகளை எதிர்நோக்கும் தாய்மாரே, புகுந்த வீட்டில் அடியெடுத்து வைக்கும் பெண்மக்களே, இடையில் நின்று தவிக்கும் ஆண்மக்களே! உங்கள் வீட்டிலும் ஒரு கோடித் துணி இருக்கும். ஒரு பழந்துணியும் இருக்கும். புதியது ஊறட்டும். பழையதை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எங்களைப் போன்ற பங்குக் குருக்கள் அவசரப்பட்டு ஊசியோடு வந்தால், இன்னும் காயவில்லை சாமி என்று தயங்காமல் சொல்லுங்கள்.